தட்டுகளைப் பங்கிட்டுக் களைத்த அந்து அக்காவுக்கு

அந்துப்பூச்சி அறையின் அரசியே, ஆயிரமாயிரம் புழுக்களுக்கு அன்னமிட்ட அருங்கையே, அடைமழையிலும் அசராது வந்து அறை திறந்த அன்புருவே, பொங்கி வந்த சினத்தையெல்லாம் புன்னகையில் பொதிந்துவைத்த பொறுமைப் பெட்டகமே, எங்கள் அந்து அக்காவே, வணக்கம்.

சென்ற ஆண்டு உங்களுக்காக எழுதிய மடலும் இப்படித்தான் தொடங்கியது. அதில் இன்னும் ஒரு பக்கம் முழுக்க அடைமொழிகள் இருந்தன. பணி ஓய்வு விழாவுக்கு நாள் குறித்த பிறகு உங்களுக்குப் பணி நீட்டிப்பு வந்தது. விழா நின்றது, சட்டம் போட்ட மடல் சாமான் அறைக்குப் போனது. பிறகொரு நாள் விளக்குமாறு எடுக்கப் போன நீங்கள், தூசியைத் துடைத்துவிட்டு அதை நின்றபடியே படித்தீர்கள். “யாருப்பா இந்தம்மா? ரொம்ப நல்லவங்களா இருக்காங்களே,” என்று கேட்டுவிட்டு விளக்குமாற்றோடு போய்விட்டீர்கள். அதனால் இந்த முறை அடைமொழிகளை முதல் பத்தியோடு நிறுத்திக்கொள்கிறோம்.

இந்தக் கூடத்தில் உங்களை முதன்முறையாகப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கும் புரியவேண்டும் என்பதற்காக இனி உங்களை ‘அவர்’ என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். தப்பாக எங்காவது சொன்னால் கடைசியில் திருத்துங்கள். நடுவில் பேசினால் இருமல் வரும்.

அக்காவின் தங்கை இன்று வாசலில் வந்து இறங்கியதும் எங்கள் காவலாளியிடம் கேட்ட முதல் கேள்வி, “இங்க பூச்சியக் கொல்றாங்களா, வளக்குறாங்களா?” என்பதுதான். இரண்டும் நடக்கிறது. பயிரைத் தின்னும் பூச்சிகளை மருந்தடித்துக் கொல்வதற்குப் பதிலாக, அவற்றின்மேல் ஒட்டுண்ணியாக வாழும் குட்டிக் குளவிகளை வளர்த்து விவசாயிகளுக்குக் கொடுப்பது எங்கள் வேலை. குளவி என்றதும் யாரும் நாற்காலியை நகர்த்திக்கொள்ள வேண்டாம். எறும்பைவிடச் சிறியவை, நம்மைக் கொட்டாதவை. இரண்டு வகை வளர்க்கிறோம். முதல் வகை, பூச்சி இட்ட முட்டைக்குள் தன் முட்டையைச் செருகிவிடும். புழு வரவேண்டிய முட்டையிலிருந்து குளவி வரும். அந்த முட்டைகளை அட்டையில் ஒட்டி வயலுக்கு அனுப்புகிறோம். இரண்டாம் வகை, வளர்ந்த புழுவைக் கொட்டி அசையாமல் செய்துவிட்டு அதன் உடம்பின்மேலேயே முட்டையிடும். குஞ்சுகள் அந்தப் புழுவை உறிஞ்சியே வளர்ந்துவிடும்.

இந்த இரண்டு வகைக்கும் இங்கே தீனி வேண்டும். அதற்காக, தானிய மூட்டையில் விழுகிற அந்துப்பூச்சியை, உடைத்த கம்பு நிரப்பிய தட்டுகளில் வளர்க்கிறோம். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக அதை வளர்த்தவர் அக்கா. மற்ற இரண்டு பிரிவுகளும் அவர் வளர்த்ததைத் தின்று பிழைத்தவை.

இங்கேதான் சிக்கல். அட்டைப் பிரிவின் தலைவருக்கு முட்டை வேண்டும். குளவிப் பிரிவின் தலைவருக்குப் புழு வேண்டும். ஒரு தட்டுப் புழுவைக் குளவிக்குக் கொடுத்தால் அந்தப் புழு பூச்சியாகாது, முட்டையும் இடாது. பூச்சியாகட்டும் என்று விட்டால் குளவி பட்டினி. ஒருவர் கை நிறைந்தால் மற்றவர் கை காலி. பாடப் புத்தகத்தில் இதற்குப் போட்டி என்று பெயர் போட்டு ஒரு பக்கத்தில் முடித்துவிடுகிறார்கள். எங்கள் நிலையத்தில் அது ஒவ்வொரு திங்கட்கிழமையும் பூச்சி அறை வாசலில் நடந்தது.

“அக்கா, போன வாரம் அவருக்கு ஆறு தட்டு குடுத்தீங்க, எனக்கு நாலு,” என்பார் அட்டைக்காரர்.

“போன வாரம் உங்கிட்ட முட்டை கொட்டிக் கெடந்துச்சேப்பா. அத மறந்துட்டியா?”

“அது மழ வாரம்க்கா. மழயில யாரு வந்து அட்ட வாங்குறா?”

“அக்கா, அவரு மழங்கறாரு, வெயிலுங்கறாரு, எனக்குக் கொளவி செத்துக்கிட்டிருக்கு,” என்பார் குளவிக்காரர், நாலடி தள்ளி நின்றபடி.

“நீ அங்கயே நில்லு. அங்கருந்தே சண்ட போடு. காது நல்லாத்தான் கேக்குது எனக்கு.”

அவர் தள்ளி நிற்பதற்குக் காரணம் உண்டு. அக்கா வைத்த சட்டம் அது. காலையில் முதலில் பூச்சி அறை, அதன் பிறகு அட்டை அறை, குளவி அறை எப்போதும் கடைசி. குளவி அறைக்குள் ஒருமுறை கால் வைத்தவர் அன்று முழுவதும் பூச்சி அறைக்குள் வரக் கூடாது. சட்டைக் காலரில் ஒரே ஒரு பெண் குளவி ஒட்டிக்கொண்டு வந்தால் போதும், அறையே போய்விடும். இயக்குநரையே ஒருமுறை வாசலில் நிறுத்தி, “நாளைக்குக் காலைல வாங்க சார், எங்கயும் போகாம நேரா வாங்க,” என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்.

இன்னொரு சட்டமும் இருந்தது. ஒவ்வொரு சுற்றிலும் சில தட்டுகளை உள்பக்க அலமாரியில் தனியாக வைத்துவிடுவார். அவை விதைத் தட்டுகள். யார் வந்து எப்படிக் கெஞ்சினாலும் அவற்றில் கை வைக்க விடமாட்டார். ஒரு பருவத்தில் வயல்களில் புழு பெருகி வாசலில் விவசாயிகள் வரிசையில் நின்றபோது, அட்டைக்காரரும் குளவிக்காரரும் முதல்முறையாக ஒன்று சேர்ந்து வந்து கேட்டார்கள். அன்று அக்கா சொன்னது எங்களுக்கு நினைவிருக்கிறது. “தின்னுங்க, வேணாங்கல. தின்னு தின்னு என்னையே முடிச்சிட்டா அப்புறம் எங்க போவீங்க?”

பார்வையிட வரும் கல்லூரி மாணவர்களிடம் இந்த இருவரையும் நிறுத்தி அறிமுகம் செய்வார். “இவங்க ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் போட்டி. ரெண்டு பேருக்கும் சாப்பாடு நான். யாரு ஜெயிச்சாலும் தேயிறது நாந்தான்.” மாணவர்கள் சிரிப்பார்கள். இருவரும் சிரிப்பார்கள். அக்காவும் சிரிக்க ஆரம்பித்து, இருமி, சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

அந்த இருமலைப் பற்றிச் சொல்லவேண்டும். அந்துப்பூச்சியின் இறகிலிருந்து மாவு மாதிரி ஒரு செதில் உதிரும். அறை முழுக்க அது மிதக்கும். முகக்கவசம் போட்டாலும் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்விடும். கடைசிச் சில ஆண்டுகளில் அக்கா மாடிப்படியில் பாதியில் நின்று, கைப்பிடியில் ஏதோ கறை இருப்பதுபோலத் தேய்த்துக்கொண்டிருப்பார். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக் கூடாது என்று செய்த நாடகம் அது. எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் தட்டு கேட்டுக்கொண்டுதான் இருந்தோம். மருத்துவர் அவரிடம் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்: இன்னொரு வருடம் அந்த அறையில் இருந்தால் மூச்சு திரும்பாது. தங்கை வாராவாரம் தொலைபேசியில் கேட்டார், “ரூம் ஒழிச்சு வச்சு ஒரு வருஷம் ஆச்சுக்கா. வர்றியா, இல்ல அந்துப்பூச்சிக்கு வாடகைக்கு விட்டுறவா?” அக்காவின் ஆசை ஒன்றே ஒன்றுதான். நிறைந்த அறையாக அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டும்.

இந்த ஆண்டு விழாவுக்கு மூன்று மாதம் இருக்கும்போது, இயக்குநரின் அக்கா மகன் விடுமுறையில் வந்திருந்தார். நல்ல கேமரா வைத்திருந்தார். அடுத்த வாரம் ஊருக்குக் கிளம்புகிறார், அதற்குள் எல்லோரும் சேர்ந்து ஒரு படம் எடுத்துவிடலாம் என்று முடிவானது. முற்றத்தில் வெயிலில் கண் கூசியது. நடைபாதையில் இருட்டு. எல்லோரும் எங்கே நிற்பது என்று பேசிக்கொண்டிருக்க, அக்கா பூச்சி அறையின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

“வாங்க, உள்ளயே எடுத்துக்கலாம். அந்த அலமாரிக்கு முன்னாடி நல்லாருக்கும்.”

குளவிக்காரர் தயங்கினார். “அக்கா, நான் காலைலயே என் ரூமுக்குப் போய்ட்டேன்.”

“ஒரு நிமிஷம்தானே. வா. எத்தன வருஷம் வாசல்லயே நின்ன.”

முப்பது ஆண்டுகளில் அந்தச் சட்டம் மீறப்பட்டது அந்த ஒருமுறைதான். மீறியவர் அதை வைத்தவரே. அன்று அவர் அவ்வளவு களைத்திருந்தார். எல்லோரையும் ஒருநாளாவது தன் அறைக்குள், தன் தட்டுகளுக்கு நடுவில், ஒன்றாகப் பார்க்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. நாங்கள் விதைத் தட்டுகளுக்கு முன்னால் நெருக்கிக்கொண்டு நின்றோம். யாரோ ஏதோ சொல்ல எல்லோரும் சிரித்தோம்.

புழு நன்றாக இருக்கும் தட்டின் துணியை விலக்கினால் ஒரு சலசலப்பு கேட்கும். வெளிச்சம் பட்டதும் புழுக்கள் நூலாம்படைக்குள் ஓடி ஒளிகிற சத்தம். அக்காவுக்கு அந்தச் சத்தம்தான் காலை வணக்கம். படம் எடுத்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை முதல் தட்டைத் திறந்தார். சத்தம் இல்லை. இரண்டாவதைத் திறந்தார். புழுக்கள் கொழுகொழுவென்று, நிறம்கூட மாறாமல், அப்படியே கிடந்தன. விரலால் தொட்டார், அசையவில்லை. தட்டின் ஓரத்தில் அரிசி நொய்யைப்போல வெள்ளைக் கூடுகள். உள்பக்க அலமாரிக்குப் போய் விதைத் தட்டுகளையும் திறந்து பார்த்துவிட்டு, ஒவ்வொன்றாகத் துணியைப் போட்டு மூடினார். பிறகு முக்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

வழக்கம்போல அவர்கள் இருவரும் வாசலுக்கு வந்தார்கள்.

“அக்கா, இந்த வாரம் எனக்கு ரெண்டு தட்டு கூட வேணும்,” என்றார் குளவிக்காரர்.

“எல்லாத்தையும் எடுத்துக்கோப்பா. எல்லாம் உன்னோடதுதான்.”

அவர் கோபத்தில் சொல்கிறார் என்றே முதலில் நினைத்தார்கள். அக்கா ஒரு தட்டைக் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் அறைக்குள் குளவி புகுந்துவிட்டது புரிந்தது. அட்டைக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது.

“உன் தலையிலதான்யா வந்திருக்கும். காடு மாதிரி முடி வச்சிருக்க. ஒரு குடும்பமே தங்கியிருக்கும் அதுல.”

“நான் மாட்டேன்னுதான்யா சொன்னேன்.”

“சொன்னா போதுமா? வெளிய நிக்கணும்ல?”

“அவன ஏன் திட்ற? கூப்பிட்டது நான்,” என்றார் அக்கா. குரல் ஏறவில்லை. “போங்க ரெண்டு பேரும். கொஞ்ச நேரம் உக்காந்துக்கறேன்.”

மாலையில் இயக்குநர் வந்தார். அவரும் இந்தக் கூடத்தில்தான் இருக்கிறார், அவர் அனுமதியோடே இதைச் சொல்கிறோம். கேட்க வெட்கமாக இருந்தது என்று அவரே சொன்னார். “அக்கா, நான் கேக்கக் கூடாதுதான். புதுசா கட்டி எழுப்ப வேற யாருக்கும் கை வராது. இன்னும் ஆறு மாசம் மட்டும்...”

காலி அறையை விட்டுவிட்டுப் போக அவருக்கு மனசு வராது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று வீட்டுக்குப் போகும்போது மாடிப்படியில் நின்றவர், கைப்பிடியைத் தேய்க்கவில்லை. சும்மா நின்றார்.

மறுநாள் காலை குளவிக்காரர் மொட்டைத் தலையோடு வந்தார். ஒரே ஒரு கண்ணாடிக் குழாயில் மட்டும் குளவிகளை அடைத்து ஓட்டுநரிடம் கொடுத்து, வேறொரு நிலையத்தில் பத்திரமாக வைக்கச் சொல்லி அனுப்பினார். மற்றதையெல்லாம், குழாய் குழாயாக, தட்டு தட்டாக, சூட்டு அடுப்பில் வைத்துக் கதவைச் சாத்தினார். வேலையில் சேர்ந்த நாளிலிருந்து மின்சாரம் போனாலும், காய்ச்சல் வந்தாலும், ஒரு தலைமுறைகூட அறுந்துபோகாமல் அவர் காப்பாற்றி வந்த குளவிகள் அவை. அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, ஆறும்வரை நின்றார். அடியிலிருந்து புதிதாகத் தொடங்கும்போது கட்டடத்தில் ஒரு குளவி இருந்தாலும் பூச்சி தழைக்காது. குளவிகளை அழிக்கும்படி அக்கா அவரிடம் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்.

அவர் தலையைப் பார்த்ததும் அக்கா ஒருமுறை அவரைச் சுற்றி வந்தார். பிறகு, “இப்ப நீயும் ஒரு தட்டு மாதிரிதான் இருக்க. துணி போட்டு மூடி வைக்கணும்,” என்றார்.

அட்டைக்காரரிடம், மிச்சம் இருந்த பூச்சிகள் சாவதற்கு முன் இட்ட கடைசி முட்டைகள் இருந்தன. புழுவைத் தின்னும் குளவி முட்டையைத் தொடாது. அந்த முட்டைகளை விளக்கொளியில் வைத்து, புழு பொரியாதபடி செய்து, அட்டையில் ஒட்டினால் அந்தப் பருவத்துக்கு அட்டை கிடைக்கும். காத்திருந்த விவசாயிகளுக்கு அவர் வாக்கும் கொடுத்திருந்தார். முட்டையை ஒரு கிண்ணத்தில் வழித்து எடுத்துக்கொண்டு பூச்சி அறைக்கு வந்தார்.

“இந்தாங்கக்கா. பொரிய விடுங்க.”

“உன் அட்டைக்கு?”

“அட்டைன்னா என்ன, காகிதமும் பசையும்தானே. சும்மா கெடக்கட்டும்.”

“ஜனங்க திட்டுவாங்கப்பா.”

“திட்டட்டும். உங்ககிட்ட வாங்குன திட்ட விடவா?”

திட்டினார்கள். தொலைபேசியைக் காதிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவர் பேசியதை நாங்கள் கேட்டோம். “இல்லீங்க. இந்தத் தடவ அட்ட இல்லீங்க. ஏமாத்துறோம்னு சொல்லாதீங்க... ஆமாங்க, மருந்துதான் அடிக்கணும், வேற என்ன சொல்ல.” வைத்துவிட்டு அடுத்த எண்ணை அழைப்பார். நாள் முழுக்க அதேதான்.

அதன் பிறகு நடந்தது பெரிய கதை ஒன்றும் இல்லை. வெறும் வேலை. தட்டுகளைக் கழுவி, சூடேற்றி, வெயிலில் வைத்தோம். கம்பை உடைத்து, சூடேற்றி, ஆற்றி, நிரப்பினோம். குளவி அறை காலியாக இருந்ததால், இத்தனை ஆண்டுகள் வாசலில் நின்ற குளவிக்காரர் உள்ளே உட்கார்ந்து கம்பு கிளறினார். எதிரில் அட்டைக்காரர். இருவரும் பழக்கதோஷத்தில் யார் அதிகம் உடைத்தது என்று சண்டை போட்டார்கள். செதில் பறக்கும் வேலை எதையும் அக்காவைச் செய்ய விடவில்லை. அவர் வாசலில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, “ஈரம் போதாது,” “அழுத்தாத, மூச்சு விடணும் அதுவும்,” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோருமே களைத்துப்போனோம்.

போன மாதம் ஒரு காலை, அக்கா ஒரு தட்டின் துணியை விலக்கிக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனார். நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.

“இருக்குப்பா,” என்றார்.

இருந்தது. சலசலப்பு. அதிலிருந்து பூச்சி வந்து, முட்டை வந்து, இப்போது இரண்டாம் சுற்றும் ஓடுகிறது. விதைத் தட்டுகள் அலமாரியில் இருக்கின்றன. இயக்குநர் ஆறு மாதப் பேச்சை மறுபடி எடுக்கவில்லை.

இன்று காலை நடந்ததை இதற்குமேல் சேர்க்கவேண்டியதாகிவிட்டது. வெளியே அனுப்பிவைத்திருந்த அந்த ஒற்றைக் குளவிக் குழாய் நேற்றுத் திரும்பி வந்தது. குளவி அறை மறுபடி உயிர்பெற்றது, பழைய சட்டமும் அதோடு திரும்பி வந்தது. நேற்று மாலையே அக்கா புழு நிறைந்த ஒரு தட்டை நடைபாதை அலமாரியில் எடுத்து வைத்திருந்தார். இன்று வந்ததும், முப்பது ஆண்டுகள் வழக்கமாகத் திரும்பும் பக்கம் திரும்பாமல், அந்தத் தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகக் குளவி அறைக்குப் போய்க் கதவைத் திறந்தார்.

குளவிக்காரர் பதறிவிட்டார். “அக்கா, என்ன பண்றீங்க? இங்க வந்துட்டா இன்னிக்கி உங்க ரூமுக்குப் போக முடியாதே.”

“அதுக்குத்தான் வந்தேன்,” என்றார் அக்கா. தட்டை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். “போனா எதையாவது சரி பண்ணிக்கிட்டே நிப்பேன்.”

சற்று நேரத்தில் பூச்சி அறையை இனிப் பார்த்துக்கொள்ளும் ஆள் வந்து, வாசலுக்கு வெளியே தள்ளி நின்றபடியே, ஈரம் குறைவாக இருக்கிறது, ஒரு நிமிடம் வந்து பார்க்கமுடியுமா என்று கேட்டார். அக்கா தன் கையைத் தூக்கிக் காட்டினார். ரவிக்கைக் கையில் ஒரு குட்டிக் குளவி ஊர்ந்துகொண்டிருந்தது. “நான் வரக் கூடாது. நீங்களே பாத்துக்கோங்க.”

அக்கா, இனி உங்களோடு நேராகப் பேசுகிறோம்.

நாங்கள் உங்கள்மேல் வளர்ந்தோம். இதைப் பெருமையாகச் சொல்வதா, வருத்தமாகச் சொல்வதா என்று தெரியவில்லை. கடைசி நேரத்திலாவது மிச்சம் வைத்தோம் என்ற ஒரு நிம்மதி இருக்கிறது. திங்கட்கிழமைச் சண்டை இனியும் நடக்கும். அது இல்லாமல் அவர்கள் இருவருக்கும் சோறு இறங்காது. ஆனால் விதைத் தட்டை யாரும் தொடமாட்டார்கள். அலமாரிச் சாவியை இருவரும் வாரம் மாற்றி வைத்துக்கொள்வதாக ஏற்பாடு. ஒருவரை ஒருவர் அவ்வளவு நம்பாததால் சாவி பத்திரமாக இருக்கும்.

இந்த மடலோடு அந்தப் படத்தையும் சட்டம் போட்டுத் தருகிறோம். வேறு படம் எடுக்கலாம் என்று சிலர் சொன்னார்கள். இதில்தான் நாம் எல்லோரும் உங்கள் அறைக்குள் இருக்கிறோம். குளவிக்காரர் தோளருகே ஒரு சின்னப் புள்ளி தெரியும். கேமராவில் இருந்த தூசி என்று அவர் சாதிக்கிறார். நீங்களே வீட்டில் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

உங்களுக்கு நாங்கள் வேண்டுவது நல்ல காற்று. நடுவில் நிற்காமல் ஏறி முடிக்கிற மாடிப்படி. யாரும் வாசலில் வந்து எதையும் கேட்காத திங்கட்கிழமைகள், பல்லாண்டு காலத்துக்கு. தங்கை வீட்டில் கம்பு இருந்தால் ஒருதரம் பார்த்து வையுங்கள், பூச்சி விழுந்திருக்கும். பார்த்துவிட்டு, அப்படியே விட்டுவிடுங்கள்.

உங்கள் தட்டில் தின்றவர்கள்,
அட்டைப் பிரிவு, குளவிப் பிரிவு, பூச்சி அறை,
இயக்குநர், ஓட்டுநர், காவலாளி உட்பட நிலையத்தார் அனைவரும்.